தாளத்திலிருந்து திரைக்கு: லீவோன் ஹெல்மின் இரண்டு தொழில்கள்



ஆலன் உயர்நிலைப் பள்ளியின் அணிவகுப்பு வாத்தியக் குழு அமெரிக்காவிலேயே மிகப் பெரிய பள்ளிக் குழுக்களில் ஒன்று என்பது உங்களுக்குத் தெரியும். இப்படியான ஊரில் வளரும் பிள்ளை ஒரு நாள் இரண்டு தடியோடு வீட்டுக்கு வந்து, தான் ட்ரம்ஸ் பழகப் போவதாகச் சொல்வதில் ஆச்சரியம் இல்லை. அப்போது பெற்றோர் கேட்கும் கேள்வியும் எனக்குத் தெரியும். "பொழுதுபோக்கு என்றால் சரி. ஆனால் இதில் சோறு கிடைக்குமா?"

ஒரு பெட்டியோடு வந்து இறங்கி, எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கியவர்கள் நாங்கள். இந்தக் கேள்வியைக் கேட்க எங்களுக்கு உரிமை உண்டு. எனவே இந்த மாத உரைக்கு, ட்ரம்ஸ் வாசித்து உலகப் புகழ் பெற்று, பிறகு நடிகராகி, கடைசியில் வைத்தியச் செலவுக்காகத் தன் வீட்டிலேயே கச்சேரி வைத்த ஒரு மனிதரின் வாழ்க்கையை எடுத்துக்கொண்டேன். அவர் பெயர் லீவோன் ஹெல்ம். 'தி பாண்ட்' என்ற றொக் இசைக்குழுவின் தாளக்காரர்.

பாட்டிலிருந்து படத்துக்குப் போனவர் என்றால் எங்கள் ஆட்களுக்கு முதலில் நினைவுக்கு வருபவர் சிலோன் மனோகர் என்கிற ஏ. ஈ. மனோகரன். 'சுராங்கனி' பாடலால் கடல் கடந்து அறியப்பட்டவர். செங்கை ஆழியானின் நாவலைப் படமாக்கிய 'வாடைக்காற்று' (1978) படத்தில் நடித்தார், பிறகு தமிழகத் திரைப்படங்களிலும் நடித்தார், 2018 ஜனவரியில் சென்னையில் காலமானார். ஆனால் மனோகரன் மேடையின் முன்னால் நின்று பாடியவர். ட்ரம்ஸ் வாசிப்பவரோ எல்லோருக்கும் பின்னால், தன் வாத்தியங்களுக்கு நடுவில் மறைந்து இருப்பவர். பின்னால் இருப்பவருக்குப் பணம் எப்படி வருகிறது, எப்படி வராமல் போகிறது என்பதுதான் இந்தக் கதையின் முக்கியமான பகுதி. அதனால்தான் ஹெல்மைத் தேர்ந்தேன்.

பருத்திக் காடும் ஒரு வானொலியும்

மார்க் லவோன் ஹெல்ம் 1940 மே 26ஆம் திகதி, எங்கள் டெக்சாசுக்குப் பக்கத்து மாநிலமான ஆர்கன்சோவில், எலேன் என்ற சிற்றூரில் பிறந்தார். வளர்ந்தது மார்வெல் என்ற ஊருக்கு அருகில் உள்ள டர்க்கி ஸ்கிராச் எனும் குக்கிராமத்தில். டாலஸிலிருந்து லிட்டில் றொக் வழியாகக் கிழக்கே மிசிசிப்பி ஆற்றங்கரை நோக்கிப் போனால் ஏறத்தாழ ஏழு மணி நேரக் கார்ப் பயணம். தாய் தகப்பன் பருத்தி விவசாயிகள். பிள்ளைகளும் வயலில் இறங்கி வேலை செய்தார்கள். வேலை முடிந்த பின் வீட்டில் பாட்டு. மகனுக்குப் பழைய கிராமியப் பாடல்களை முதலில் சொல்லிக் கொடுத்தவர்கள் பெற்றோர்தான்.

ஆறு வயதில் பில் மன்றோ என்ற புகழ் பெற்ற நாட்டுப்புற இசைக் கலைஞரின் கச்சேரியை நேரில் பார்த்தார். ஊர் ஊராகக் கூடாரம் அடித்து ஆட்டமும் பாட்டும் நடத்தும் குழுக்களும் அந்தப் பக்கம் வரும். பிரதான நிகழ்ச்சி முடிந்து சிறுவர்கள் வீட்டுக்குப் போன பிறகு, பெரியவர்களுக்காக நள்ளிரவில் ஒரு தனி ஆட்டம் நடக்கும். அதற்கு 'மிட்நைட் ராம்பிள்' என்று பெயர். இந்தப் பெயரை நேயர்கள் ஞாபகத்தில் வைத்திருங்கள். அறுபது வருடத்துக்குப் பிறகு இது திரும்பவும் வரும்.

இவற்றை விடவும் பெரிய பள்ளிக்கூடம் ஒரு வானொலி நிலையம். பக்கத்து நகரமான ஹெலினாவில் இருந்த கே.எஃப்.எஃப்.ஏ நிலையம் 1941 முதல் 'கிங் பிஸ்கட் டைம்' என்ற மதிய நேர நிகழ்ச்சியை ஒலிபரப்பியது. ஒரு மா வியாபாரத்தின் விளம்பரத்துக்காகத் தொடங்கிய நிகழ்ச்சி அது. அதில் சனி போய் வில்லியம்சன் முதலிய கறுப்பின புளூஸ் கலைஞர்கள் நேரடியாக வாசித்தார்கள். கறுப்பரும் வெள்ளையரும் ஒரே கடையில் ஒன்றாக இருந்து சாப்பிட முடியாத காலம் அது. ஆனால் காற்றலையை எந்த வேலியும் தடுக்கவில்லை. வெள்ளைக்கார விவசாயியின் மகனான ஹெல்ம், அந்த நிகழ்ச்சியின் தாளக்காரரான பெக் கர்ட்டிசை நேரில் போய்ப் பார்த்தே ட்ரம்ஸ் நுட்பத்தைப் பிடித்துக்கொண்டார். ஒரு சிறிய ஊர் வானொலி ஒரு பிள்ளையின் வாழ்க்கையை எவ்வளவு தூரம் மாற்றலாம் என்பதற்கு, வானொலியில் வேலை செய்யும் எங்களுக்கு இதைவிட நல்ல உதாரணம் தேவையில்லை.

ரொறன்ரோவில் ஒரு வேலை

ரொனி ஹோக்கின்ஸ் என்ற ஆர்கன்சோப் பாடகர் இளம் ஹெல்மைத் தன் குழுவில் சேர்த்துக்கொண்டார். உயர்நிலைப் பள்ளியை முடித்த பிறகே 1958இல் ஹெல்ம் ஊரை விட்டார். குழு போன இடம் கனடா. ரொறன்ரோவில் எங்கள் உறவினர்கள் எல்லோருக்கும் பழக்கமான யங் வீதியின் இரவு விடுதிகளில் ஹோக்கின்ஸ் குழுவினர் வருடக் கணக்கில் வாசித்தார்கள். 'லவோன்' என்ற பெயர் குழுவினரின் வாயில் சரியாக வரவில்லை. அது 'லீவோன்' ஆகியது. புது நாட்டில் பெயர் மாறிப்போகும் அனுபவம் எங்களுக்கு மட்டும் உரியதல்ல.

ஒவ்வொருவராக ஆர்கன்சோக்காரர்கள் ஊருக்குத் திரும்ப, அவர்களின் இடத்துக்கு ஒன்ராறியோ இளைஞர்கள் வந்தார்கள். கிற்றாருக்கு ரொபி ரொபேட்சன், பேஸ் கிற்றாருக்கு ரிக் டான்கோ, பியானோவுக்கு ரிச்சர்ட் மனுவல், ஓர்கனுக்கு கார்த் ஹட்சன். இவர்களில் கார்த் ஹட்சனின் கதையை எங்கள் பெற்றோர்கள் அவசியம் கேட்க வேண்டும். முறையாகச் சங்கீதம் படித்த பிள்ளை றொக் குழுவில் வாசிப்பதை வீட்டார் ஏற்றுக்கொள்ள மாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும். ஆகவே 1961இல் அவர் ஒரு நிபந்தனை வைத்துச் சேர்ந்தார். புதிய ஓர்கன் ஒன்று வாங்கித் தர வேண்டும், குழுவில் உள்ளவர்கள் ஆளுக்கு வாரம் 10 டொலர் 'சங்கீத வகுப்புக் கட்டணம்' தர வேண்டும் என்பது நிபந்தனை. வீட்டில் கேட்டால், தான் சங்கீத ஆசிரியராக வேலை பார்ப்பதாகச் சொல்லலாம் அல்லவா. பெற்றோருக்குச் சமாதானம் சொல்லும் கலை எல்லா நாட்டிலும் ஒன்றுதான்.

கூச்சலும் எண்ணெய்க் கிணறும்

ஹோக்கின்சை விட்டுப் பிரிந்து தனிக் குழுவாக வாசித்துக்கொண்டிருந்த இவர்களை 1965இல் பொப் டிலன் தன்னோடு சுற்றுப்பயணத்துக்கு அழைத்தார். ஐந்து பேரும் சேர்ந்து டிலனோடு வாசித்த முதல் கச்சேரிகள் டெக்சாசில்தான் நடந்தன. செப்டெம்பர் 24இல் ஒஸ்ரினிலும், மறுநாள் டாலஸிலும். டிலன் தனியாகக் கிற்றாரோடு பாடிய காலத்தை நேசித்தவர்களுக்கு இந்த மின்சார வாத்தியச் சத்தம் துரோகமாகத் தெரிந்தது. ஊர் ஊராகக் கூச்சலிட்டார்கள். இரண்டு மாதத்துக்கு மேல் ஹெல்ம் தாங்கவில்லை. நவம்பர் முடிவில் குழுவை விட்டுப் போய், மெக்சிக்கோ வளைகுடாவில் எண்ணெய் எடுக்கும் மேடையில் கூலி வேலை செய்தார்.

இருபத்தைந்து வயதில், நல்ல பெயர் எடுத்த ஒரு கலைஞன் எண்ணெய் மேடைக்குப் போனதைத் தோல்வி என்று சிலர் சொல்லலாம். நான் அப்படிப் பார்க்கவில்லை. பருத்தி வயலில் வளர்ந்தவருக்குக் கையால் உழைப்பதில் வெட்கம் இல்லை. பட்டதாரியாக வந்து பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை பார்த்த எங்கள் முதல் தலைமுறைக்கு அது புரியும்.

1967இல் நண்பர்கள் கூப்பிட்டார்கள். நியூயோர்க் மாநிலத்தில், வூட்ஸ்ரொக் ஊருக்குப் பக்கத்தில், இளஞ்சிவப்பு நிறம் பூசிய ஒரு வீட்டின் நிலவறையில் அவர்கள் புதிய இசையைச் செய்துகொண்டிருந்தார்கள். ஹெல்ம் திரும்பிப் போனார். 1968இல் முதல் இசைத்தட்டு, 1969இல் இரண்டாவது. குழுவுக்குத் தனிப் பெயர் எதுவும் வேண்டாம், 'தி பாண்ட்' போதும் என்றார்கள். 'இசைக்குழு' என்பதே பெயர். 1970 ஜனவரியில் டைம் சஞ்சிகை அவர்களை அட்டையில் போட்டது.

ஹெல்மின் சிறப்பு என்ன? ட்ரம்ஸ் வாசித்துக்கொண்டே பாடுவார். இது சொல்வதற்கு எளிது, செய்வதற்குக் கடினம். இரண்டு கையும் இரண்டு காலும் நான்கு வேலை செய்யும்போது மூச்சு பாட்டுக்குப் போக வேண்டும். ஆகவே அவர் குறைவாக அடிப்பார். பாட்டின் சொல்லுக்கு இடம் விட்டு அடிப்பார். தோலைத் தளர்த்திக் கட்டியதால் சத்தம் பளீர் என்று வெடிக்காமல், மரத்தில் தட்டுவது போலத் தணிந்து வரும். நல்ல மிருதங்கக்காரர் பாடகரின் வாயைப் பார்த்து வாசிப்பார் என்று எங்கள் பெரியவர்கள் சொல்வார்கள். ஹெல்மின் விடயத்தில் பாடகரும் அவர்தான், வாயைப் பார்ப்பவரும் அவர்தான்.

1976 நவம்பர் 25ஆம் திகதி, நன்றி நவிலும் நாளில், சான் பிரான்சிஸ்கோவின் விண்டர்லாண்ட் மண்டபத்தில் அந்தக் குழு பிரியாவிடைக் கச்சேரி நடத்தியது. வந்தவர்களுக்கு வான்கோழி விருந்து. மார்ட்டின் ஸ்கோர்செசி அதைப் படமாக்கி 1978இல் 'தி லாஸ்ட் வோல்ட்ஸ்' என்று வெளியிட்டார். ரொபேட்சன் ஊர் சுற்றிக் கச்சேரி செய்ததில் களைத்துவிட்டார். ஹெல்முக்கோ குழுவை நிறுத்துவதில் விருப்பம் இல்லை. முப்பத்தாறு வயதில் அவருடைய பிரதான தொழில் கைநழுவியது.

அப்பாவாக வந்த தாளக்காரர்

நான்கு வருடத்துக்குள் அவர் நடிகர் ஆகிவிட்டார். லொரெட்டா லின் என்ற கிராமியப் பாடகியின் வாழ்க்கையைச் சொல்லும் 'கோல் மைனர்ஸ் டோட்டர்' (1980) படத்தில், நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியான தகப்பன் டெட் வெப் வேடம். மகளாக நடித்த சிசி ஸ்பேசெக் அவரை விட ஒன்பது வயதுதான் இளையவர். ஆனால் படம் பார்க்கும்போது அந்த நினைப்பே வராது. ஸ்பேசெக்குக்கு அந்த வருடத்தின் சிறந்த நடிகைக்கான ஒஸ்கார் கிடைத்தது. மருமகனாக நடித்தவர் டெக்சாஸ்காரரான ரொமி லீ ஜோன்ஸ். இருவரின் நட்பு கடைசி வரை நீடித்தது.

அந்தப் படத்தில் ஒரு ரயில் நிலையக் காட்சி உண்டு. கணவன் போன தொலை தூர மாநிலத்துக்கு மகள் புறப்படுகிறாள். இனி உன்னை நான் பார்க்க மாட்டேன் என்கிற மாதிரி தகப்பன் சொல்கிறார். அவள் இல்லை, பார்ப்பீர்கள் என்கிறாள். பிறகு அவள் ஊருக்குத் திரும்புவது தகப்பனின் செத்த வீட்டுக்கு. ஹெல்ம் அந்தக் காட்சியில் அழவில்லை, குரலை உயர்த்தவில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு நிற்கிறார். கட்டுநாயக்காவில் விடைபெற்று வந்த எந்தக் குடும்பமும் அந்தக் காட்சியைச் சும்மா பார்த்துவிட்டு எழும்ப முடியாது.

1983இல் 'தி ரைட் ஸ்டஃப்'. ஒலியின் வேகத்தை மனிதன் முதன்முதலில் தாண்டிப் பறந்த கதையும், அமெரிக்காவின் முதல் விண்வெளி வீரர்களின் கதையும். அதில் விமானப் பொறியியலாளர் ஜக் ரிட்லியாக நடித்ததோடு, படத்தின் பின்னணிக் குரலும் ஹெல்முடையதுதான். 1947 ஒக்டோபரில் சக் யேகர் என்ற விமானி விலா எலும்பு முறிந்த நிலையில் பறக்க வேண்டியிருந்தது. ஒரு கையால் விமானக் கதவை இழுத்துப் பூட்ட அவரால் முடியாது. ரிட்லி ஒரு தும்புத்தடியின் பிடியை வெட்டி, நெம்புகோலாகக் கொடுத்தார். நிஜத்திலும் நடந்த இந்தச் சம்பவத்தை ஹெல்ம் ஒரு வீரச் செயலாகக் காட்டாமல், காலையில் செய்யும் சாதாரண வேலை போலச் செய்து காட்டுகிறார்.

மூன்றாவதாக, 2005இல் ரொமி லீ ஜோன்ஸ் தானே இயக்கிய 'தி த்ரீ பரியல்ஸ் ஒஃப் மெல்கியாதெஸ் எஸ்ராடா'. மேற்கு டெக்சாஸ் எல்லையில் கொல்லப்பட்ட ஒரு மெக்சிக்கோத் தொழிலாளியின் உடலை அவனது சொந்த ஊருக்குக் கொண்டு போகும் கதை. ஹெல்ம் வருவது சில நிமிடம்தான். பாலைவனத்தில் தனியே வாழும் பார்வையற்ற முதியவர். மகன் சுகயீனம் என்று நகரத்துக்குப் போனவன் திரும்பி வரவில்லை. கிழவர் நாள் முழுவதும் ஸ்பானிய மொழி வானொலி கேட்கிறார். மொழி விளங்காது, ஆனால் அதன் ஓசை பிடிக்கும். பிள்ளையைக் காத்திருக்கும் வயோதிபருக்கு ஒரு வானொலி எவ்வளவு பெரிய துணை என்று, எங்கள் நிகழ்ச்சிகளுக்கு அழைப்பு எடுக்கும் முதிய நேயர்களிடமிருந்து நானும் அறிந்திருக்கிறேன்.

ட்ரம்ஸ் வாசித்தவர் எப்படி இவ்வளவு இயல்பாக நடித்தார் என்று கேட்டால், என் எண்ணம் இது. தாளக்காரரின் முதல் வேலை கேட்பது. எதிரே இருப்பவர் என்ன செய்கிறார் என்று கவனித்து, எப்போது அடிக்காமல் இருக்க வேண்டும் என்று தெரிந்து வைத்திருப்பது. நடிப்பிலும் பாதி வேலை அதுதான்.

எழுதியவருக்கும் வாசித்தவருக்கும் நடுவில்

இனிப் பணத்தைப் பற்றிக் கதைப்போம். பெற்றோரின் கேள்விக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது.

ஒரு பாட்டில் இரண்டு சொத்து இருக்கிறது. ஒன்று, எழுதப்பட்ட பாட்டு, அதாவது மெட்டும் சொல்லும். மற்றது, வாசித்துப் பதிவு செய்த ஒலி. அமெரிக்கச் சட்டத்தில் இவை இரண்டும் தனித்தனி. ஏ.எம், எஃப்.எம் வானொலி ஒரு பாட்டைப் போடும்போது, எழுதியவருக்கும் அவரது பதிப்பகத்துக்கும் பணம் போகும். 1914இல் தோன்றிய அஸ்காப், 1939இல் தோன்றிய பி.எம்.ஐ போன்ற சங்கங்கள் அதை வசூலித்துக் கொடுக்கின்றன. பாடியவருக்கும் வாத்தியம் வாசித்தவருக்கும் அந்த ஒலிபரப்பிலிருந்து ஒரு சதமும் இல்லை. இன்றும் இல்லை. இசைத்தட்டு விற்பனையில் ஒப்பந்தப்படி பங்கு வரும், அவ்வளவுதான்.

இணையத்திலும் செய்மதி வானொலியிலும் விதி வேறு. 1995க்குப் பிறகு வந்த சட்டங்களின்படி, அப்படி ஒலிபரப்பும்போது பதிவுக்கும் பணம் கட்ட வேண்டும். அதில் 50 வீதம் பதிவு உரிமையாளருக்கு, 45 வீதம் பிரதான கலைஞர்களுக்கு, 5 வீதம் துணை வாத்தியக்காரருக்கும் பாடகருக்கும். ஆனால் ஒரு ஓட்டை இருந்தது. 1972 பெப்ரவரி 15க்கு முன் பதிவான பாடல்கள் மத்திய சட்டத்துக்கு வெளியே நின்றன. 'தி பாண்ட்' குழுவின் முக்கியமான இசைத்தட்டுகள் 1968 முதல் 1971 வரை வந்தவை! அந்த ஓட்டையை அடைத்தது 2018 ஒக்டோபரில் வந்த புதிய சட்டம். அப்போது ஹெல்ம் இறந்து ஆறு வருடம் ஆகியிருந்தது.

இனி யார் 'எழுதியவர்' என்று பார்ப்போம். குழுவின் பெரும்பாலான பாடல்களில் எழுதியவர் என்ற இடத்தில் ரொபேட்சனின் பெயர் மட்டும் உள்ளது. ஹெல்மின் பெயர் 'ஜெமைமா சரண்டர்', 'ஸ்ரோபெரி வைன்', 'லைஃப் இஸ் எ கார்னிவல்' போன்ற சிலவற்றில்தான் கூட்டாக உள்ளது. ஹெல்மின் வாதம் இது: ஒரு நிலவறையில் ஐந்து பேரும் சேர்ந்து தட்டித் தட்டி உருவாக்கிய பாட்டு ஐந்து பேருக்கும் சொந்தம். உள்நாட்டுப் போரில் தோற்ற தென்மாநிலத்து ஏழை விவசாயியின் குரலில் வரும் ஒரு பிரபலமான பாடல் உண்டு. அதை எழுதியவர் ரொறன்ரோவில் பிறந்த ரொபேட்சன், பாடியவர் ஹெல்ம். தென்னாட்டு வரலாற்றை அறிந்துகொள்ள ரொபேட்சனை நூலகத்துக்குக் கூட்டிப் போனது தான்தான் என்று 1993இல் வெளியான தன் சுயசரிதையில் ஹெல்ம் குறிப்பிட்டார். ரொபேட்சனின் வாதம் வேறு: இரவிரவாக இருந்து எழுதியது நான், வாசிப்பது வேறு, எழுதுவது வேறு.

இருவரில் யார் சரி என்று தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. நாங்கள் கவனிக்க வேண்டியது வேறொன்று. பாட்டு உருவான அந்த நாட்களில் பங்கு பற்றி எல்லோரும் உடன்பட்ட ஒரு தாள் இருந்திருந்தால், முப்பது வருடக் கசப்பு வந்திராது. 1994இல் றொக் இசைப் புகழரங்கில் குழுவைக் கௌரவித்தபோது ஹெல்ம் போகவே இல்லை.

இதற்கு எதிராக நடிகர்களின் நிலையைப் பாருங்கள். 1960இல் அமெரிக்க நடிகர் சங்கம் வேலைநிறுத்தம் செய்தது. அன்றைய சங்கத் தலைவர் பின்னாளில் ஜனாதிபதியான ரொனால்ட் ரேகன். அதன் பலனாக, அந்த வருடத்திலிருந்து எடுத்த படங்கள் தொலைக்காட்சியில் காட்டப்படும்போது நடிகர்களுக்கு மீள்காட்சிப் பணம் கிடைக்கும் என்றாயிற்று. ஓய்வூதிய, மருத்துவ நிதிக்கும் அப்போதுதான் அடித்தளம் போடப்பட்டது. சில நிமிடம் வரும் துணை நடிகருக்கும் சங்க ஒப்பந்தம் பொருந்தும். உலகம் முழுவதும் கேட்ட பாட்டுக்கு ட்ரம்ஸ் வாசித்தவருக்கு வானொலியிலிருந்து ஒன்றும் இல்லை. ஒரு படத்தில் தகப்பனாக வந்தவருக்கு, அது தொலைக்காட்சியில் வரும்போது காசோலை உண்டு. வித்தியாசம் திறமையில் இல்லை. ஒரு தொழிலில் சங்கம் சண்டை பிடித்து உரிமையை எழுத்தில் வாங்கியது, மற்றதில் அது நடக்கவில்லை.

வீட்டில் வைத்த கச்சேரி

ஹெல்மின் பிந்திய வருடங்கள் கடினமானவை. 1986இல் நண்பர் ரிச்சர்ட் மனுவல் சுற்றுப்பயணத்தின் நடுவில் தற்கொலை செய்துகொண்டார். 1991இல் ஹெல்மின் வூட்ஸ்ரொக் வீடும் ஒலிப்பதிவுக் கூடமும் தீயில் எரிந்தன. திரும்பக் கட்டினார். 1998இல் தொண்டையில் புற்றுநோய். பல வருடம் புகைத்தவர். குரல்வளையை எடுத்துவிடலாம் என்ற யோசனையை மறுத்து, 28 முறை கதிர்வீச்சுச் சிகிச்சை எடுத்தார். உயிர் தப்பியது, குரல் போனது. கதைத்தால் காற்றுதான் வரும். அடுத்த வருடம் ரிக் டான்கோவும் இறந்தார்.

வைத்தியக் கடனும் வீட்டுக் கடனும் சேர்ந்து வீடே போகும் நிலை வந்தது. ஊர் ஊராகப் போக உடம்பு இடம் தரவில்லை. அப்போது அவர் செய்தது, சின்ன வயதில் கூடாரத்தில் பார்த்ததை நினைத்தது. 2004 ஜனவரியில் தன் வீட்டோடு சேர்ந்த கொட்டகையில் 'மிட்நைட் ராம்பிள்' தொடங்கினார். இருநூறு பேரளவில்தான் இருக்கலாம். நுழைவுச் சீட்டு உண்டு. வருபவர்கள் எல்லோரும் பகிர்ந்து சாப்பிட ஏதாவது சமைத்துக் கொண்டு வந்தார்கள். மகள் ஏமி ஹெல்ம் பாடினார். பேர்போன கலைஞர்களும் வந்து கூட வாசித்தார்கள். ஹெல்ம் முதலில் ட்ரம்ஸ் மட்டும் வாசித்தார். சிகிச்சைக்குப் பின் மெல்ல மெல்லக் குரல் திரும்பியது. பழைய கனம் இல்லை, கொஞ்சம் கரகரப்பு. ஆனால் பாடினார்.

அந்த வருமானம் கடனைக் கட்டியது, வீடு மிஞ்சியது. 2007இல் 'டேர்ட் ஃபார்மர்' என்ற இசைத்தட்டு வந்தது. பெற்றோர் பருத்தி வயலில் சொல்லிக் கொடுத்த பழைய பாடல்கள் அதில் இருந்தன. அதற்கு கிராமி விருது. 2009இல் வந்த 'எலெக்ட்ரிக் டேர்ட்', 2011இல் வந்த 'ராம்பிள் அட் த ரைமன்' இரண்டுக்கும் கிராமி. பாட முடியாது என்று இருந்தவர் எழுபது வயதை ஒட்டி மூன்று கிராமி வாங்கினார்.

புற்றுநோய் திரும்பவும் வந்தது. 2012 ஏப்ரல் 19ஆம் திகதி நியூயோர்க்கில், 71ஆவது வயதில் காலமானார். இறப்பதற்குச் சில நாள் முன்பு ரொபேட்சன் ஆஸ்பத்திரிக்குப் போய் அவர் அருகில் இருந்தார். வூட்ஸ்ரொக் மயானத்தில், ரிக் டான்கோவுக்குப் பக்கத்தில் அடக்கம் செய்யப்பட்டார். ரொபேட்சன் 2023 ஓகஸ்டிலும், கார்த் ஹட்சன் 2025 ஜனவரியிலும் காலமாயினர். அந்த ஐவரில் இன்று ஒருவரும் இல்லை.

சோறு கிடைக்குமா?

இப்போது கேள்விக்கு வருவோம். என் பதில்: கிடைக்கும், ஆனால் வாத்தியம் மட்டும் தெரிந்தால் போதாது. பிள்ளைக்குத் தடி வாங்கிக் கொடுக்கும்போது மூன்று விடயத்தையும் சேர்த்துச் சொல்லிக் கொடுங்கள்.

முதலாவது, நண்பர்களோடு சேர்ந்து ஒரு பாட்டை உருவாக்கினால், அன்றைக்கே ஒரு தாளில் எல்லோருடைய பெயரையும், ஆளுக்கு எத்தனை வீதம் என்பதையும் எழுதிக் கையொப்பம் போட வேண்டும். எதுவும் எழுதாவிட்டால், கூட்டாகப் படைத்தவர்கள் எல்லோருக்கும் சம பங்கு என்பதுதான் அமெரிக்கச் சட்டத்தின் பொது நிலை. ஆனால் பிறகு 'கூட்டாகப் படைத்தோம்' என்று நிரூபிப்பதுதான் கஷ்டம். சிநேகிதத்தில் கணக்கு எதற்கு என்று எங்கள் பிள்ளைகள் கூச்சப்படுவார்கள். சிநேகிதத்தைக் காப்பாற்றவே கணக்கு. பாட்டைக் காப்புரிமை அலுவலகத்தில் பதிவதும் நல்லது. வழக்குப் போட வேண்டி வந்தால் அந்தப் பதிவு தேவைப்படும்.

இரண்டாவது, ஒரு தொழிலின் நுட்பம் இன்னொரு தொழிலுக்குக் கதவு திறக்கும். நாற்பது வயதில் ஹெல்ம் புதிதாக நடிக்கப் பழகவில்லை. ட்ரம்சுக்குப் பின்னால் இருந்து பழகிய பொறுமையையும் செவியையும், பருத்தி வயலில் கேட்ட பேச்சையும் கமெராவுக்கு முன்னால் கொண்டு போனார். தன் ஊர்ப் பேச்சை மறைத்திருந்தால் அந்தத் தகப்பன் வேடத்துக்கு அவரை யார் கூப்பிட்டிருப்பார்கள்? வீட்டில் எங்கள் தமிழ் பேசும் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும்.

மூன்றாவது, மருத்துவக் காப்புறுதி. இந்த நாட்டில் கலைஞன் என்றாலும் கணக்காளன் என்றாலும், அது இல்லாமல் ஒரு வருடமும் இருக்கக் கூடாது. தனியாகத் தொழில் செய்பவருக்கு வேலை தருபவர் யாரும் காப்புறுதி எடுத்துத் தர மாட்டார்கள். அதைத் தானே தேடி வாங்குவதும் தொழிலின் ஒரு பகுதி.

பிள்ளைகளோடு சேர்ந்து ஒரு படம் பார்க்க விரும்பினால் 'கோல் மைனர்ஸ் டோட்டர்' படத்தில் தொடங்குங்கள். எஸ்ராடா படம் பெரியவர்களுக்கு மட்டும். இசை கேட்க விரும்பினால் 1969இல் வந்த இரண்டாவது இசைத்தட்டைப் போடுங்கள். முதல் தடவை பாட்டைக் கேளுங்கள். இரண்டாவது தடவை பின்னால் இருக்கும் ட்ரம்சை மட்டும் கேளுங்கள். அவர் எந்த இடத்தில் அடிக்காமல் விடுகிறார் என்று பிள்ளையைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.

அடுத்த மாத உரையில் சந்திப்போம்.